இல்லைக்காரரும் நீலக்குருவியும்

அந்த விடுதியில் நீலக்குருவி இல்லாத இடமே கிடையாது. வாசல் பலகையில் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும். குளியலறைத் துவாலையின் மூலையில் நூலால் தைத்திருக்கும். சோப்பில் அச்சாகியிருக்கும், இரண்டு நாள் கை கழுவினால் வால் கரைந்து, மூன்றாம் நாள் வெறும் மூக்கு மட்டும் மிஞ்சும். தேநீர்க் கோப்பை, மிதியடி, மேனேஜரின் சட்டைப்பை எல்லாவற்றிலும் உண்டு. காட்டில் மட்டும்தான் இல்லை. அங்கே அதைக் கடைசியாகப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது. பார்த்தவர் இல்லைக்காரர்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவரை யாரும் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வருடமாக அவர் அங்கே வழிகாட்டி. மழைக்காட்டில் விலங்கு பார்க்க விடுமுறையில் வருகிறவர்களை விடிவதற்குள் எழுப்பி, காலுக்கு அட்டை ஏறாத உறை மாட்டிவிட்டு, உள்ளே கூட்டிப்போய், காலைச் சாப்பாட்டுக்குச் சேதாரமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். மற்ற வழிகாட்டிகளுக்கு இதில் ஒரு கைப்பக்குவம் இருந்தது. "அதோ, அந்த எலைக்குப் பின்னால, இப்பத்தான் போச்சு" என்பார்கள். வந்தவர்களும் அந்த இலையைப் பார்த்து மெய்சிலிர்த்து, அதைப் படமும் எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு அது வராது.

"அது கரடிதானே?"

"இல்லை. கட்டை."

"இன்னிக்குச் சிறுத்தை வருமா?"

"இல்லை."

"அந்தக் கொப்புல ஏதோ அசைஞ்ச மாதிரி..."

"காத்து."

இப்படிப் பேசுகிற மனிதரை வைத்துக்கொண்டு எந்த விடுதி உருப்படும் என்று மேனேஜர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. விருந்தினர் கருத்துப் புத்தகத்தில் ஒரு குடும்பம் "மரங்கள் நிறைய இருந்தன" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தது.

அந்தக் காட்டைச் சுற்றியுள்ள விடுதிகளில் எல்லாம் சாயங்காலப் பட்டியல் என்று ஒரு வழக்கம் உண்டு. இருட்டுவதற்கு முன் சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தினர்கள் தேநீரோடு உட்காருவார்கள். வழிகாட்டி அச்சடித்த பட்டியலை எடுத்து இருநூற்றுச் சொச்சம் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும், டிக் போட்டுக்கொள்ள வேண்டும். அடியில் வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் பட்டியலுக்கு மதிப்பு. அதைச் சட்டம் போட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லைக்காரரின் பட்டியலில் டிக் குறைவு. சட்டம் போடும் அளவுக்கு எதுவும் தேறாது.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மகன் வயதுதான், 'அண்ணே' என்றுதான் அழைப்பார். அந்த 'அண்ணே' எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்குச் செய்தி மோசமாக இருக்கும்.

"அண்ணேய்... நாளைக்கு ஆறு பேர் வர்றாங்க. மூணு நாள். அதுல ஒருத்தர் ரிட்டயர்டு இன்ஜினியர். ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு பறவை பாத்திருக்காரு. நம்ம நீலக்குருவியை மட்டும் பாக்கல. அதுக்காகவே வர்றாரு."

"பாக்க மாட்டாரு சார்."

"அவர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பலண்ணே. அதுக்குள்ள ஏன்?"

மேனேஜர் மேசையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துத் தட்டினார். நீலக்குருவி கூவியது. மூன்று விசில், பிறகு ஓர் இறக்கம். அதற்குப் பிறகு ஓர் இருமல். எந்த நாட்டிலோ யாரோ ஈரத்தில் நின்று பதிவு செய்திருக்கிறார். பாவம், தொண்டை கட்டியிருக்கிறது.

"இணையத்துல தேடினா முதல்ல வர்றது இதுதான். போட்டா குருவி வரும்னு சொல்றாங்க. வரலைன்னாலும் சத்தம் கேக்கும்ல. இந்தத் தடவையும் இல்லைன்னு சொன்னீங்கன்னா, நீங்க கேட்டுல இருந்துக்குங்க. தடுப்புக் கம்பத்தைத் தூக்கணும், இறக்கணும். நிழல் இருக்கு, நாற்காலி இருக்கு. காட்டு வேலைக்கு உங்க மச்சானைக் கேட்டிருக்கேன். சரின்னுட்டாரு."

மச்சான் என்பது மனைவியின் தம்பி. ஓடைக்கு அந்தப் பக்கத்து விடுதியில் வழிகாட்டி. அவன் பட்டியலில் டிக் இல்லாத கட்டத்தைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

இல்லைக்காரர் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் காடு. விடியும்போது பனி கீழிருந்து மேலே கழன்று, ஒவ்வொரு மரமாக வெளியே வரும் அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் கால்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து பார்த்தால் தார் ரோடும் வண்டி நிறுத்துமிடமும்தான் தெரியும்.

வீடு விடுதிக்குப் பின்னாலேயே, பணியாளர் வரிசையில் இரண்டு அறை. மனைவிக்கு விடுதியின் துணி தேய்க்கும் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தினம் நாப்பது நீலக்குருவி என் கை வழியாத்தான் போகுது. அந்த இன்ஜினியரை இங்க அனுப்புங்க."

"கிண்டல் பண்ணாத."

"ஒரே ஒரு தடவை ஆமான்னு தலையாட்டினா தலை கழண்டா விழுந்துடும்?"

"ஒரு தடவை ஆட்டினா அப்புறம் நிக்காது. உன் தம்பிக்கு ஆடுதே, பாக்கலையா?"

"அவனை இழுக்காதீங்க. போன வாரம் அவன் புலியே காட்டியிருக்கான்."

"இந்தக் காட்டுல புலியே கிடையாதுடி."

"அதான் சாமர்த்தியம்ங்கிறது."

மறுநாள் ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். இன்ஜினியரின் கழுத்தில் இரண்டு பைனாக்குலர். ஒன்று கைவிட்டால் இன்னொன்று. கையில் ரப்பர் பட்டை போட்ட தடித்த நோட்டு. கூட ஒரு பல் டாக்டரம்மாவும் அவர் கணவரும். மீதி மூவர் ஒரே அலுவலகத்துக்காரர்கள். அலுவலகத்தை மறக்க வந்த அவர்கள், முதல் இரண்டு நாளும் காட்டுக்குள் நின்று தங்கள் மேலதிகாரியைத் தவிர வேறெந்தப் பிராணியைப் பற்றியும் பேசவில்லை. முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. அட்டைகள் மட்டும் கேட்காமலே தரிசனம் தந்தன. தலைக்கு மேல் ஓர் இருவாச்சி சிறகால் காற்றை அறுத்துக்கொண்டு பறந்தபோது இல்லைக்காரர் கையைக் காட்டினார். இன்ஜினியர் நோட்டைப் பிரிக்கவே இல்லை.

"அது எங்கிட்ட இருக்கு" என்றார், பாத்திரக் கடையில் நிற்கிறவர்போல. "நீலக்குருவி எங்க?"

"இல்லை சார்."

"நாளைக்கு?"

இல்லைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, "பாப்போம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. அட்டைக்குப் போடும் உப்புப் பைக்குள் ஸ்பீக்கரைப் புதைத்துக்கொண்டு, திருட்டு மாங்காய் வைத்திருப்பவர்போலக் கையைப் பையிலிருந்து எடுக்காமல் நடந்தார். மூங்கில் புதர் தாண்டியதும் எல்லோரையும் முன்னால் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று பித்தானை அழுத்தினார். மூன்று விசில். இறக்கம். இருமல் வருவதற்குள் தானே சத்தமாக இருமி அதை மூடிவிட்டார்.

காடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, ஓடைப்பக்கத்திலிருந்து மெலிதாக, மூன்று விசில்.

இல்லைக்காரர் ஓடைப்பக்கம் திரும்பினார். ஏழு வருடம். கேட், கம்பம், மேனேஜர், மச்சான் எல்லாம் மறந்துபோயிற்று. மறுபடி அழுத்தினார், மறுபடி இருமினார். மறுபடி பதில் வந்தது, இன்னும் கிட்டே. இன்ஜினியர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அலுவலகத்துக்காரர்கள்கூட மேலதிகாரியை ஒரு வாக்கியத்தின் நடுவில் தொங்கவிட்டுவிட்டு வாயை மூடினார்கள். ஆறு பேரும் ஈர இலையில் பூனை நடை நடந்தார்கள். இவர்கள் பத்தடி போனால் அந்தக் குருவியும் பத்தடி வந்தது. இப்படி மரியாதை தெரிந்த குருவியை யாரும் பார்த்ததில்லை.

நாலாவது தடவை அது மிகக் கிட்டத்தில், பிரம்புக் கொடிக்கு அந்தப் பக்கம் கூவியது. மூன்று விசில், ஓர் இறக்கம். அப்புறம் இருமியது.

இல்லைக்காரர் நின்றுவிட்டார். எதிர்ப்பக்கம் கொடியை விலக்கிக்கொண்டு எட்டுப் பேர் வந்தார்கள், எல்லோர் கண்ணிலும் பைனாக்குலர். முன்னால் மச்சான். உள்ளங்கையில் அதே சோப்பு டப்பா. எட்டும் ஆறும் பதினாலு பேர், பத்தடி தூரத்தில், ஒருவரையொருவர் பைனாக்குலர் வழியாக உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலருக்கு எதிரில் இருப்பவரின் மூக்குத் துவாரம்கூடத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

முதலில் சுதாரித்தவன் மச்சான்தான். கை தன்னால் பாக்கெட்டுக்குள் போயிற்று.

"அடடா, இப்பத்தான் உங்க தலைக்கு மேல பறந்துச்சு. யாருமே பாக்கலையா?"

"நீலமா ஏதோ ஒண்ணு பாத்தேன்" என்றார் பல் டாக்டரம்மா. அவருக்கு நேரெதிரே மச்சானின் கூட்டத்தில் ஒருவர் நீல மழைக்கோட்டு போட்டிருந்தார்.

"நானும்" என்றார் கணவர். மனைவி பார்த்ததைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லும் கட்டத்தை அவர் தாண்டி வெகு காலமாகியிருந்தது.

"வால் மட்டும்" என்றார் அலுவலகத்துக்காரர் ஒருவர். எதிர்ப்பக்கத்திலும் நாலு பேர் வயிற்றைப் பார்த்திருந்தார்கள். கூட்டிச் சேர்த்தால் ஒரு முழுக் குருவி தேறியது. இன்ஜினியர் நோட்டின் ரப்பர் பட்டையைக் கழற்றினார்.

திரும்பும் வழியில் மச்சான் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"அத்தான், நீங்களுமா?"

இல்லைக்காரர் ஸ்பீக்கரை உப்புப் பைக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்தார்.

"உங்களை நம்பித்தானே நான் இந்தப் பக்கம் புளுகிக்கிட்டிருந்தேன். நீங்க இல்லைன்னு சொன்னாத்தான் நான் இருக்குங்கிறதுக்கு ஒரு மரியாதை. இப்படி ஆளாளுக்கு ஆரம்பிச்சா தொழில் என்னாகிறது?"

அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

சாயங்காலம் பட்டியல் வந்தது. அன்றைக்கென்று மேனேஜரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நீலக்குருவியின் பெயரை வாசித்ததும் ஆறு கை எழும்பியது. மேனேஜருடையதையும் சேர்த்தால் ஏழு. இன்ஜினியர் நோட்டில் ஆயிரத்து நூற்று நாற்பத்து நாலு என்று அழகாக எழுதி, பட்டியலையும் பேனாவையும் நீட்டினார்.

"கையெழுத்து."

இல்லைக்காரர் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. மூடியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லை சார். அது குருவி இல்லை. எங்கிட்ட ஒரு ஸ்பீக்கர் இருந்துச்சு, என் மச்சான்கிட்ட ஒண்ணு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக்கிச்சு. நான் வேணும்னுதான் செஞ்சேன். தப்பு."

ஏமாற்றியதற்காகத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. சொன்னதுதான் வருத்தம்.

"நான் பாத்தது பொய்ங்கிறீங்களா?" என்றார் பல் டாக்டரம்மா. "எனக்குக் கண்ணு தெரியாதா?"

"லீவு போட்டுட்டு வந்திருக்கோம்" என்றார் வாலைப் பார்த்தவர். "ஒரு குருவியைக்கூட நிம்மதியாப் பாக்க விடமாட்டேங்கிறாங்க."

மேனேஜர் எழுந்து, ஒவ்வொருவர் பட்டியலையும் வாங்கித் தானே கையெழுத்துப் போட்டார். ஐந்து பேர் நன்றி சொன்னார்கள். இன்ஜினியர் மட்டும் தன் தாளை நீட்டவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஸ்பீக்கர் சத்தத்துல கடைசியில இருமல் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"நாலு வருஷம் முன்னாடி, வேற ஒரு காட்டுல, ஒரு ஆந்தை... அதுவும் இருமுச்சு. நான் அதுக்கு உடம்பு சரியில்லைன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

மாதம் முடியும்வரை காத்திருக்க மேனேஜருக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலையிலேயே மச்சான் வந்து அத்தானின் வழிகாட்டி வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டான். "ரெண்டு பேரும் ஒரே காரியத்தைத்தானே சார் செஞ்சோம்?" என்று இல்லைக்காரர் கேட்டுப் பார்த்தார். "செஞ்சதுக்கு இல்லண்ணே" என்றார் மேனேஜர், "சொன்னதுக்கு." காடு போயிற்று. மனைவி, கேட்டில் வெயில் அடிக்கும் என்று ஒரு தொப்பியைத் தேய்த்துக் கொடுத்தாள். தொப்பியைத் தேய்க்க வேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

நாற்காலி இருந்தது. நிழல் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும் என்பதை மேனேஜர் சொல்ல மறந்திருந்தார். முதலில் வந்த வண்டி இன்ஜினியருடையது. இல்லைக்காரர் கம்பத்தைத் தூக்கக் கையை வைத்தார்.

"இருங்க" என்றார் இன்ஜினியர். ராத்திரி தூங்கிய முகமாக இல்லை. ஜன்னல் வழியாக நோட்டு நீண்டது. முதல் பக்கத்திலேயே ஏழு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. "மூணாவது பேரு. பச்சை வாலுக் குருவி. மலை உச்சியில, மத்தியான வெயில்ல பாத்தேன்னு எழுதியிருக்கேன். அது சாத்தியமா?"

"கூட வந்த கைடு எந்தப் பக்கம் நின்னாரு?"

இன்ஜினியர் யோசித்தார். "எனக்குப் பின்னால."

இல்லைக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இன்ஜினியர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டார். "உங்களை மாதிரி ஆளை நான் பாத்ததே இல்லைய்யா" என்றார். அது பாராட்டு இல்லை. பிறகு அடுத்த பெயரை விரலால் காட்டினார்.

பின்னால் பல் டாக்டரின் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்கும் பின்னால் அலுவலகத்துக்காரர்களின் வண்டி. மேனேஜர் வரவேற்பறைப் படியில் வந்து நின்று, கம்பத்தைத் தூக்கச் சொல்லிக் கையால் காட்டினார். அப்புறம் கத்தினார்.

இல்லைக்காரர் நாற்காலியை வண்டிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டாம் பக்கத்துக்கு வந்துட்டோம் சார்" என்று திரும்பிக் குரல் கொடுத்தார். "இன்னும் நாப்பது பக்கம்தான்."