கொள்ளுக்கு ஒதுங்கிய கார்

அந்த வாய்க்காலுக்குள் என் கார் சாய்ந்து கிடந்தபோது, ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் தொடக்கத்திலிருந்தே விசுவாசத்தில் அசையாமல் இருந்ததுபோலப் பேசக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி இருக்கவில்லை. அழுதேன். கோபப்பட்டேன். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவது என்று தீர்மானமும் பண்ணிவிட்டேன்.

என் ஊர் யாழ்ப்பாணம். டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். கடல் தாண்டி வந்தாலும் அங்கும் தமிழ், இங்கும் தமிழ், என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைப்பு. முதல் வாரமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம். நான் 'ஓம், ஓம்' என்று தலையாட்டினால், இந்த அம்மா ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நோயாளிகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

கார் ஓட்டுவதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அகந்தை உண்டு. அப்பாவின் காரில் சின்ன வயதிலேயே பழகியவள் நான். அங்கே வாங்கிய லைசென்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். சேலத்துக்குப் போய், கட்டைவண்டிகளுக்கு நடுவே பின்பக்கமாக ஓட்டிக் காட்டி, புதிதாக ஒன்று வாங்கினேன். திரும்பும் வழியில், ஒரு பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று அம்மாபேட்டையில் தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பக்கத்து ரோடு உங்களுக்குப் புதிது, ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரிக் கணக்கர் சொன்னார். ரோடு எங்கேயும் ரோடுதானே என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்த வருஷம் தைப் பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். ராமசாமி என்ற விவசாயி மேல்மூச்சு வாங்க ஓடி வந்தார். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. மனைவி பாப்பாயிக்குத் தலைப்பிரசவம். பிள்ளையின் கை ஒன்று வெளியே வந்துவிட்டதாம். மருத்துவச்சி தன்னால் ஆகாது என்று ஒதுங்கிவிட்டாளாம். கை முதலில் வந்தால் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். உள்ளே திருப்பி எடுக்க வேண்டும். நேரம் கடந்தால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது.

நர்ஸ் ரெபேக்காளையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ராமசாமி பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். இன்னும் கொஞ்ச தூரத்தில் தெற்கே ஒரு வண்டித்தடம் பிரியும், அதில் திரும்பினால் குறுக்குவழி, கால் மணி நேரத்தில் வீடு வந்துவிடும் என்றார். எதிரே கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. கார் நன்றாகத்தான் ஓடியது.

ஒரு வளைவு திரும்பினேன். ரோட்டின் அகலம் முழுக்கக் காய்ந்த கொள்ளுச் செடி, காயோடு, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பியிருந்தது. ஒரு பருக்கை சோறு காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழக்கிய வீட்டில் வளர்ந்தவள் நான். யாரோ பாவம், பாடுபட்டு விளைந்ததைக் காயப் போட்டிருக்கிறார்கள், அதன்மேல் டயரை ஏற்றுவதா? யோசிக்க நேரமில்லை. காரை ஓரத்து மண்ணில் இறக்கினேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் வாய்க்கால் தண்ணீர் ஊறிக் கிடந்தது. இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் புதைந்து, கார் வாய்க்காலுக்குள் சாய்ந்துவிட்டது.

ராமசாமி கீழே இறங்கி என்னைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க ஒதுங்குனீங்க? உங்க வண்டி ஏறி நசுக்கோணும்னுதானுங்க அதைய போட்டிருக்கறாங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் அறுத்த கொள்ளை ரோட்டில் பரப்பிவிடுவார்களாம். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறிப் போகப் போகக் காய் உடைந்து கொள்ளு உதிரும். சாயங்காலம் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். தெரியாதவள் நான் ஒருத்திதான். ஒரு தாயின் உயிரை என் மரியாதை வாய்க்காலில் தள்ளிவிட்டது.

கொள்ளுக்குச் சொந்தக்காரர் நாச்சிமுத்து, இங்கே காடு என்று சொல்லும் பக்கத்து வயலிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் மாடுகளைக் கொண்டுவந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றைக் காரில் கட்டி இழுத்தார். கயிறு அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி இழுத்தார். மறுபடியும் அறுந்தது. கார் ஒரு விரற்கடை நகரவில்லை. காட்டுக்குள் குறுக்கே விழுந்து நடந்தே போய்விடலாம் என்று ராமசாமி அவசரப்படுத்தினார். மூன்று மைல். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மருந்துப் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

ரெபேக்காள் என் முந்தானையைப் பிடித்தாள். "அம்மா, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போலாமுங்க" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. போகிற உயிர் ஜெபத்துக்குக் காத்திருக்குமா? ஆனாலும் அவள் மண்டி போட்டுவிட்டாள். நானும் அந்தக் கொள்ளின்மேலேயே மண்டி போட்டேன். முட்டியில் காய் குத்தியது. அலங்காரமாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன்.

"ஆண்டவரே, இந்தக் காரைத் தூக்கி ரோட்டிலே வையும். என் புத்தியீனத்துக்காக அந்தப் பெண்ணைக் கொன்றுவிடாதேயும்."

கண்ணைத் திறந்தேன். கார் வாய்க்காலில்தான் கிடந்தது. அப்போதுதான், கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஊருக்கே போய்விடுவது என்று தீர்மானித்ததும் அப்போதுதான். புடவையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு எழுந்தேன். காட்டுக்குள் முதல் அடி வைத்த ராமசாமி அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா... இது எங்கூட்டு மாட்டு மணிங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கிழக்கேயிருந்து ஒரு கூண்டு வண்டி வந்துகொண்டிருந்தது. உள்ளே பாப்பாயி, மாமியாரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்காமல், ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம் என்று வண்டியைப் பூட்டியிருக்கிறார்கள். குறுக்குத் தடத்தில் யாரோ வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டதால் சேறாகிப் போய், சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் வந்திருக்கிறார்கள்.

சகோதரர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் நினைத்தபடி கார் ஓடியிருந்தால் குறுக்குத் தடத்தில் திரும்பியிருப்பேன். அவர்கள் பெரிய ரோட்டில் போயிருப்பார்கள். நான் போய்ச் சேற்றில் சிக்கியிருப்பேன். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டர் இல்லாத அறையைப் பார்த்திருப்பார்கள். கயிறு அறாமல் கார் மேலே வந்திருந்தாலும் அதே கதிதான். ரெபேக்காள் என் முந்தானையை விட்டிருந்தால் காட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். பாப்பாயிக்கு அரை மணி நேரத்துக்குமேல் மிச்சம் இருக்கவில்லை. அதை அவள் வயிற்றில் கை வைத்ததுமே தெரிந்துகொண்டேன்.

இன்னும் ஒரு அடிகூட அவளை வண்டியில் குலுக்கக் கூடாது. எங்கே படுக்க வைப்பது? நான் வாய் திறக்குமுன் நாச்சிமுத்து பக்கத்தில் கிடந்த கொள்ளையெல்லாம் இரண்டு கையாலும் வாரி வாரி மெத்தைபோலக் குவித்தார். மேலே தன் கம்பளியை விரித்தார். காட்டில் வேலை செய்த பெண்கள் புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ரெபேக்காள் குளோரோபார்ம் சொட்டு விட்டாள். நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே தேடினேன். ஒரு கால் அகப்பட்டது. அதைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன்.

இதற்குள் ஆத்தூர் போகிற பஸ் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நடு ரோட்டில் அவ்வளவு ஜனம், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. நான் எத்தனையோ கோயிலில் ஆராதனைக்கு நின்றிருக்கிறேன். அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை.

பெண் குழந்தை. நீலம் பாரித்து, துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்து ஊதினேன். முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி ஊதினேன். சட்டென்று ஒரு அழுகை. அந்தப் பக்கம் திரும்பி நின்றவர்களில் யாரோ ஒருவர் "சாமீ" என்று விம்மினார். பாப்பாயி மயக்கத்திலிருந்து விழித்து, என்ன சத்தம் என்று கேட்டாள். உன் மகள் சத்தம்தான் என்றேன்.

கேளுங்கள், இனிமேல்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரே மூச்சில் காரைத் தூக்கி ரோட்டிலே வைத்தார்கள். இழுக்கவில்லை, தள்ளவில்லை. தூக்கி வைத்தார்கள். நான் என்ன வார்த்தை சொல்லிக் கேட்டேனோ, அந்த வார்த்தைப்படியே. வேலை முடிந்த பிறகு, எனக்குக் கார் தேவைப்பட்ட நேரத்தில். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

தாயையும் பிள்ளையையும் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்ப, முன்னால் இன்னும் நீளமாகக் கிடந்த கொள்ளின்மேல்தான் ஏறியாக வேண்டும். என் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. நாச்சிமுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இப்பவாச்சும் மேல ஏறிப் போங்க சாமி."

ஏறிப் போனேன். டயருக்கடியில் காய்கள் படபடவென்று வெடித்தன.

நான் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதோ நல்ல பெயர்தான் வைத்தார்கள். ஆனால் ஊரே 'ரோட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுகிறது. ஒவ்வொரு தையிலும் ராமசாமியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒரு முறம் கொள்ளை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிப்போவாள். ரோடு எங்கேயும் ரோடுதான் என்று நான் அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை. புதிய ஊரில் வழி கேட்க இப்போது வெட்கப்படுவதும் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருடைய வண்டியாவது இன்றைக்கு வாய்க்காலில் கிடக்கலாம். தூக்கி ரோட்டில் வையும் என்று தாராளமாகக் கேளுங்கள், கோபத்தோடுகூடக் கேளுங்கள். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேட்டுவிட்டு உடனே காட்டுக்குள் நடக்கத் தொடங்காதீர்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மணிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.