காரணம் இல்லாமல் ஓடாத கார்

எனக்கு இப்போ அறுபத்தாறு வயசு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ரெண்டு நான் பெத்தது, ரெண்டு என் நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது விட்டுட்டுப் போனது. நாலுக்கும் ஒரே அகப்பையில்தான் சோறு போட்டேன். அதில் ஒருத்தரும் என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. மூணாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிஞ்சு போச்சு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கோர்வையாக எழுத வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்வதைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லப்போவது ஒரு கார் வாங்கின விஷயம்.

எங்க வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷம் மலைமேல் ஒரு எஸ்டேட்டில் டிரைவராக இருந்தாக. நானும் பிள்ளைகளும் கீழே ஆழ்வார்குறிச்சியில். வாரத்துக்கு ஒரு நாள் இறங்கி வருவாக. எஸ்டேட் வண்டியில் ஒரு நோட்டு கிடக்கும். எங்கே போச்சு, எத்தனை மைல், என்ன காரணம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினால்தான் அடுத்த தடவை சாவி கையில் கிடைக்கும். எங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாக இறங்கி வந்ததுகூட அந்த நோட்டில் ‘தேயிலைப் பெட்டி இறக்க’ என்றுதான் இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பாக. அது நிஜமோ பொய்யோ, நான் கேட்டதில்லை.

வேலை முடிந்து வீட்டோடு வந்த ரெண்டாம் வருஷம் எனக்கு நெஞ்சில் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். மாசம் ஒரு தடவை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது. வாடகைக் கார் பிடித்துப் போனோம். ஒரு தடவை வீரவநல்லூர் தாண்டி அந்த வண்டி நின்றே போச்சு. சித்திரை வெயில். ரோட்டோரம் ஒரு கடையில் பெஞ்சைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ரெண்டு மணி நேரம் அவுக ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாக.

மஸ்கட்டில் இருக்கிற என் மகன் அந்தத் தடவை லீவில் வந்தபோது இதைக் கேட்டுவிட்டு, “எப்பா, இனிமே வாடகை வண்டியே வேண்டாம். புதுக் காரே எடுத்துருவோம். எது வேணும்னு நீங்க சொல்லுங்க” என்றான்.

மனுஷர் சட்டைப்பையில் கையை விட்டு எதையோ தேடுகிற மாதிரி நின்றாக. பிறகு, “சின்ன வண்டி போதும்லே. ஆனா கைக்குள்ள ஓடணும். காரணமே இல்லாம ஒரு நாள் நான் வண்டி ஓட்டணும். அவ்வளவுதான்” என்றாக.

எனக்குத் தெரிந்து அவுக வாயைத் திறந்து வேணும் என்று கேட்டது அது ஒண்ணுதான்.

மறுநாள் மூணு பேரும் திருநெல்வேலிக்குப் போனோம். கடையில் ரெண்டு கார் காட்டினார்கள். ரெண்டும் சின்னதுதான், ரெண்டுக்கும் பின்கதவு மேலே தூக்குகிற மாதிரி. ஒண்ணு வெள்ளை. அது அப்போதே ஊரில் பத்து வீட்டில் நின்றது. இன்னொண்ணு சிவப்பு, புதுசாக வந்தது. தரையோடு தரையாகப் பதுங்கி, மூக்கு சரிந்து, நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருந்தது.

“அறுபத்தஞ்சு வயசுல சிவப்புக் காரா? மாப்பிள்ளை அழைப்புக்கா போறிய?” என்று கேட்டேன்.

“ஆமாளா. நீ பொண்ணு மாதிரி பட்டுச் சேலை கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காரு” என்றாக. கடைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போச்சு.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். முதலில் வெள்ளை. மேலப்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை, சொன்னபடி போச்சு, சொன்ன இடத்தில் நின்றது. “எப்படிப்பா இருக்கு?” என்று மகன் கேட்டான். “நல்ல வண்டிதான். தூங்கிக்கிட்டே ஓட்டலாம்” என்றாக.

அப்புறம் சிவப்பு. நான் பின்னால் இருந்தேன். பத்தமடை வரைக்கும் போனாக. ரெண்டு பக்கமும் வயல், வாய்க்கால், வளைந்து வளைந்து ரோடு. வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. கியரை ஒரு தட்டுத் தட்டினாக, வண்டி அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பியது. முன்னால் போன பஸ்ஸை ஒரு மூச்சில் தாண்டினாக. மகன், “எப்பா, பைய, பைய” என்றான். நான் கண்ணாடியில் அவுக முகத்தைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷரோடு வாழ்ந்திருக்கேன், அந்த முகத்தை அதுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்தபோதும் இல்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் மெக்கானிக் கடையில் இறங்கினோம். அவன் எஸ்டேட் லாரியில் இருந்து எல்லா வண்டியும் ரிப்பேர் பார்த்தவன், அவுகளுக்குப் பழக்கம்.

“அண்ணாச்சி, சிவப்பையே வாங்குங்க” என்றான்.

“ஏம்லே?”

“வெள்ளைய வாங்குனா எனக்கு என்ன லாபம்? அது கெடவே கெடாது. கெட்டாலும் சாமான் பெட்டிக்கடையில கிடைக்கும். சிவப்புக்கு ஒரு போல்ட்டு போச்சுன்னா மதுரையில இருந்துல்லா வரணும். வண்டி பத்து நாள் என் கடையில கிடக்கும். அதை வச்சே எம்மவ கல்யாணத்தை முடிச்சிருவேன்.”

“போலே அங்கிட்டு” என்று அவுக சிரித்தாக. நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூணு நாள் பேச்சு நடந்தது. வீரவநல்லூர் வெயிலை நான் சொன்னேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். “வழியில நின்னா இந்த நெஞ்சு தாங்காது” என்று சொன்னேன். அவுக, “புது வண்டி ஏன் நிக்கப் போகுது? நான் முப்பத்தாறு வருஷம் மலையில ஓட்டுனவன். வண்டி நிக்குததுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்ளா” என்றாக. மகன் ரெண்டு பக்கமும் தலையாட்டினான். நான் ஜெயிக்கவும் இல்லை, அவுக விட்டுக்கொடுக்கவும் இல்லை.

மூணாம் நாள் அவுகளே, “சாஸ்தா கோயில்ல பூப்போட்டுப் பாப்போம். சாமி என்ன சொல்லுதோ அது” என்றாக.

எங்க குடும்பத்தில் எந்த முடிவுக்கும் அதுதான் வழக்கம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ வைத்து ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவோம். விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். எடுத்தது எதுவோ அதுதான் உத்தரவு. கிடக்கிற மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டோம். பிரித்தால் சாமியை நம்பவில்லை என்று ஆகும். கார்களும் தோதாக வெள்ளையும் சிவப்புமாக இருந்தது.

மறுநாள் காலையில் கால்வாய்க் கரைக் கோயிலுக்குப் போனோம். அவுக கால்வாயில் குளிக்க இறங்கினாக. மகன் பூசாரியைக் கூப்பிடப் போனான். பொட்டலம் மடிக்கிற வேலை என்னுடையது. நான் குளித்து ஈரச் சேலையோடு இருந்தேன். கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடி ரெண்டு நிறத்திலும் நின்றது. ரெண்டும் பறித்தேன். பூவரச இலை ரெண்டு எடுத்தேன். ஒண்ணில் வெள்ளையை வைத்து மடித்தேன். அடுத்த இலையிலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். சிவப்புப் பூவைக் கால்வாயில் விட்டேன். அது அவுக குளிக்கிற பக்கமாகத்தான் போச்சு. அவுக மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கியிருந்தாக.

தெரிஞ்சுதான் செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பூசாரி ரெண்டையும் சாமி காலடியில் உருட்டிப் போட்டார். கோயிலுக்கு வந்திருந்த யாரோ ஒருத்தியின் சின்ன மகள் ஒண்ணை எடுத்துக் கொடுத்தாள். அவுக வாங்கிப் பிரித்தாக. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சரி, வெள்ளை” என்றாக. அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்பு இல்லை. வரும் வழியில் அந்தப் பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாக. மற்றப் பொட்டலத்தை நான் முந்தியில் முடிந்துகொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் புதைத்தேன்.

நெஞ்சு வலிக்குப் பயந்து செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி. கண்ணாடியில் பார்த்த அந்த முகம் மீதி. நான் இல்லாத அந்த மலை ரோட்டில் இந்த மனுஷர் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார், அந்த இடத்துக்கு மறுபடியும் போகப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

வெள்ளைக் கார் வந்தது. மெக்கானிக் சொன்னபடியே கெடவே இல்லை. மழையிலும் சரி, மார்கழிக் குளிரிலும் சரி, சாவியைத் திருப்பினால் ஒரே தடவையில் எழும்பும். மூணு வருஷம் மாசம் தவறாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாக. அவுக அதைத் தினமும் துடைப்பாக, டயரைத் தட்டிப் பார்ப்பாக. எஸ்டேட் வண்டியைத் துடைத்ததும் அப்படித்தான். முதலாளி வந்து ஏறப்போகிறார் என்கிற மாதிரி. வாங்கின மறுநாளே கடையில் ஒரு நோட்டு வாங்கிக் காருக்குள் போட்டாக. “இங்க யாருக்கு எழுதுதிய?” என்று கேட்டேன். “பழக்கம்ளா, விட மாட்டேங்கு” என்றாக.

போன வருஷம் புரட்டாசியில் ஒரு நாள், காலைச் சாப்பாடு முடித்துக் கை கழுவப் போனவுக வாளி மேலேயே சாய்ந்துவிட்டாக. பக்கத்து வீட்டு வாத்தியார் ஓடி வந்து காரை எடுத்தார். ஒரே திருப்பில் எழும்பியது. அவுக தலை என் மடியில். அம்பாசமுத்திரம் பாலத்தில் வண்டி நிற்கவில்லை, சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் நிற்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவுகதான் வழியிலேயே போய்விட்டாக. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன்.

துட்டிக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், “வண்டி கைவிடல. சாஸ்தா சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றார்கள். மகன் மஸ்கட்டில் இருந்து வந்து அதையே சொன்னான். நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு உரல் மாதிரிக் கிடந்தது. இன்னமும் அப்படித்தான் கிடக்கு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு அது லேசான வேலை இல்லை. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம். போன இடம், கிலோமீட்டர், காரணம். ‘வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி.’ ‘வீட்டுக்காரிக்கு மருந்து.’ ‘வீட்டுக்காரி தங்கை மகள் சடங்கு.’ ‘ரேஷன் மண்ணெண்ணெய்.’ ‘வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி.’ நான் ஒண்ணைத் தேடித்தான் வாசித்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒண்ணுமே எழுதாத ஒரு வரி. ஒரே ஒரு வரி இருந்தால் போதும் என்று இருந்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டேன். இல்லை.

வாங்கினது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல வண்டி. என் உசிரு இத்தனை நாள் கிடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொருக்க கேட்டாலும் வாயால் வெள்ளையைத்தான் சொல்லுவேன். ஆனால் வாயால் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒரு நாள், இன்னும் பத்து நாள் சண்டை போட்டிருக்க வேண்டும். அவுக என்னிடம் தோற்றிருந்தால் என்னை ரெண்டு வார்த்தை வைதுவிட்டு ஒரு நாளாவது சும்மா ஓட்டப் போயிருப்பாக. சாமி சொன்னது என்று நம்பினதால் அதையும் விட்டுவிட்டாக.

இப்போ மகன் அடுத்த மாசம் வருகிறான். போனில், “எம்மா, காரை வச்சுக்கிடலாமா, குடுத்துரலாமான்னு அப்பா மாதிரியே பூப்போட்டுப் பாத்துருவோம். அன்னிக்கு எவ்வளவு சரியா வந்துச்சு!” என்றான். “நீ வா, சொல்லுதேன்” என்று வைத்துவிட்டேன். நேரில் நின்று என்னால் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இது. வந்ததும் அவன் கையில் கொடுக்கப்போகிறேன். இனி இந்த வீட்டில் பூப்போட வேண்டாம். காரை என்ன செய்வதென்று நாங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவோம், சண்டை வந்தாலும் சரி.

அரளிப்பூ இடம் வந்தபோது பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். “ஆச்சி, இதை மட்டும் விட்டுருவமா? மாமாவுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?” என்றாள். “அதை விட்டா மிச்சத்தையும் கிழிச்சுப் போட்டுரு” என்றேன். அப்புறம்தான் பேனாவை எடுத்தாள்.

ஏட்டி, போதும், பேனாவை மூடு. தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காரு. முதல்ல இருந்து சத்தமா வாசி, நான் கேக்கேன்.