சதக்கத்துல்லா ஏறிய பஸ்

ஃபுஜைராவில் கம்பளமும் மெத்தையும் விற்கும் ஒரு கடையில் சதக்கத்துல்லா பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். கீழக்கரைக்காரர். ஆளைப் பற்றி விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். நேர்மையான மனுஷன், அடுத்தவன் பொருளைத் தொடமாட்டான். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் தன்னைப் பற்றி அந்த எண்ணம்தான். கடையில் புதிதாகச் சேரும் பையன்களை உட்காரவைத்து நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். தப்பித்து ஓடவும் முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்கு.

இரண்டாயிரத்து நாலில், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, மனைவி ரஹீமா பீவியையும் மகள் சப்ரீனாவையும் விசிட் விசாவில் வரவழைத்தார். சப்ரீனாவுக்குப் பதினொரு வயது. வாப்பா என்றால் அவளுக்கு அதுவரை தொலைபேசியில் கேட்கும் ஒரு குரல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து போகிற ஓர் ஆள், அவ்வளவுதான். இந்த இரண்டு மாதத்தில் மகள் தன்னைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டும் என்று சதக்கத்துல்லா ஏங்கினார். வேறு எதையும் அவர் பெரிதாக ஆசைப்பட்டதில்லை.

துபாயில் கடலை ஒட்டி ஒரு பெரிய சொகுசு விடுதி. அதோடு சேர்ந்து ஒரு தண்ணீர்ப் பூங்கா. சறுக்குமரமும் செயற்கை அலையுமாக அதன் படம் போட்ட நோட்டீஸ் ஒன்று சப்ரீனாவிடம் இருந்தது. பெருநாள் விடுமுறைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த விடுதியில் தங்குவதெல்லாம் நடக்கிற காரியமா? டேராவில், நாயிஃப் பக்கம், கீழே ஷவர்மா கடையும் மேலே நாலு மாடியுமாக இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் ரூம் எடுத்தார். ரூம் நம்பர் இருநூற்றாறு. ஏசி போட்டால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. ரஹீமா பீவி ராத்திரியே கண்ணாடியில் காகிதத்தை மடித்துச் செருகிவிட்டார்.

மறுநாள் காலை டாக்சிக்காக மூவரும் ஒரு பெரிய மாலின் வாசலில் போய் நின்றார்கள். பெருநாள் கூட்டம். வரிசை மால் சுவரைச் சுற்றி வளைந்து கிடந்தது. முக்கால் மணி நேரத்தில் பத்தடி நகர்ந்திருப்பார்கள். சப்ரீனா நிமிடத்துக்கொரு தரம் வாப்பாவின் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அந்த பஸ் வந்து நின்றது. அந்தச் சொகுசு விடுதி தன் விருந்தினர்களுக்காக இலவசமாக விடும் வெள்ளை பஸ், பக்கவாட்டில் அதே சறுக்குமரத்தின் படம். உள்ளே பாதி இருக்கை காலி. சதக்கத்துல்லா ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

கதவருகே இருந்த அறிவிப்பை சப்ரீனா படித்துவிட்டாள். "வாப்பா, ஹோட்டல் கெஸ்ட்ஸ் ஒன்லின்னு போட்டிருக்கே?"

"நாமளும் ஹோட்டல்லதானேம்மா தங்கியிருக்கோம்? ஏறு ஏறு."

சொன்னபோது அது அவருக்கே நியாயமாகத்தான் பட்டது. மனுஷன் தனக்குத் தேவையானபோது எவ்வளவு சீக்கிரம் வக்கீலாகிவிடுகிறான்!

டிரைவர் கையில் அட்டையும் பேனாவும் வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஏறுகிறவர்களிடம் ரூம் நம்பர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். இந்தச் சடங்கை சதக்கத்துல்லா எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். வந்தது டேரா ஹோட்டலின் நம்பர்தான்.

"டூ நாட் சிக்ஸ்."

டிரைவர் நிமிர்ந்தான். ரஹீமா பீவியின் துப்பட்டியையும் சப்ரீனாவின் தோளில் தொங்கிய ஜவுளிக்கடைப் பையையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு தமிழில், தணிந்த குரலில் கேட்டான். "எந்த ஊரு பாய்?"

"கீழக்கரை."

"நான் முதுகுளத்தூருக்கு அங்கிட்டு. கார்மேகம்னு பேரு. எங்க ஹோட்டல்ல எல்லா ரூமும் நாலு நம்பர் பாய்." சிரித்துக்கொண்டே அட்டையில் ஏதோ ஒரு நாலு இலக்க எண்ணை எழுதினான். "புள்ள ஆசையா வந்திருக்கு. போய் உக்காருங்க."

சதக்கத்துல்லாவுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் உட்கார்ந்தார். வழியெல்லாம் கார்மேகம் கண்ணாடி வழியாகப் பார்த்து சப்ரீனாவுக்கு ஒவ்வொரு கட்டிடமாகக் காட்டிக்கொண்டு வந்தான். ஊரில் தனக்கும் ஒரு பெண் குழந்தை இருப்பதாகவும், மூன்று வயதாகிறது, இன்னும் நேரில் பார்க்கவில்லை என்றும் சொன்னான்.

பூங்காவில் முறையாக டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போனார்கள். சப்ரீனா நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாள். ரஹீமா பீவி குடை நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மகள் சறுக்கி விழும்போதெல்லாம் "யா அல்லாஹ்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் சப்ரீனா ஈரத் தலையோடு ஓடிவந்து, "எங்க வாப்பா மாதிரி யாருக்கும் இல்ல!" என்று இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஏங்கியது கிடைத்துவிட்டது. அதோடு எழுந்து ஒரு டாக்சி பிடித்துப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சதக்கத்துல்லா நேரே விடுதி வாசலுக்கு, அதே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். காலையில் கூசிய கால் சாயங்காலம் கூசவில்லை. ஆனால் அங்கே பஸ் இல்லை. கோட்டு போட்ட ஒரு சூப்பர்வைசர் வரிசையில் நின்றவர்களிடம் அறைச்சாவி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சதக்கத்துல்லா சட்டைப்பையைத் தடவினார். பித்தளைச் சாவி ஒன்று இருந்தது, இருநூற்றாறு என்று எழுதிய பிளாஸ்டிக் வில்லையோடு. அதை எப்படி வெளியே எடுப்பது? அட்டை ரூமில் இருக்கிறது என்றார். அப்படியா, எந்த ரூம் என்றான் சூப்பர்வைசர். கார்மேகம் எழுதிய நம்பர் என்னவென்று அவருக்குத் தெரியாது. பின்னால் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் நகர்ந்து இடம் விட்டது. அந்த நகர்தலே சாட்டையால் அடித்தது போலிருந்தது.

சூப்பர்வைசர் அவரைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தான். ரஹீமா பீவியும் சப்ரீனாவும் நாலடி தள்ளி நின்றார்கள். பேச்சு இந்திக்கு மாறியது.

"இங்கே தங்கவில்லை, சரி. காலையில் எதில் வந்தீர்கள்?"

டாக்சி. அந்த ஒரு சொல் போதும். சொல்லியிருந்தால் அவன் கையை வீசி அனுப்பியிருப்பான், கதை முடிந்திருக்கும். அது சதக்கத்துல்லாவுக்கு அப்போதே தெரியும். பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சூப்பர்வைசர் அதற்குள், "பொய் சொன்னால் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு போலீஸில் ஒப்படைப்பேன்" என்றுவிட்டான். விசா, அதைக் கொடுத்த முதலாளி கஃபீல், நாலடி தள்ளி நிற்கும் மகள், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன.

"உங்கள் டிரைவர்தான் பாய் சாப், ஏறுங்கள் ஏறுங்கள் என்று கூப்பிட்டான். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் புதுசு."

"எந்த டிரைவர்?"

"கார்மேகம்."

நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற வாய்தான் அது. கேட்டதற்கு மேலேயே சொன்னது. இந்தி தெரியாத சப்ரீனா, அந்தப் பேச்சில் தனக்குத் தெரிந்த பெயரைக் கேட்டு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

சரியாக அந்த நேரம் பஸ் வந்தது. சூப்பர்வைசர் கார்மேகத்தைக் கீழே இறங்கச் சொல்லி, அவன் எழுதிய அட்டையைப் பிடுங்கி விரலால் தட்டித் தட்டி ஏதோ கேட்டான். கார்மேகம் தலையைக் குனிந்து நின்றான். வேறொரு டிரைவர் வந்து பஸ்ஸில் ஏறினான். சதக்கத்துல்லா மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் வெளிவாசல் பக்கம் நடந்தார். அந்தத் தரையில் நடக்கவே உடம்பு கூசியது.

வெளிவாசலிலும் டாக்சி இல்லை. ஐந்து நிமிடத்தில் பின்னால் காலடிச் சத்தம். கார்மேகம்தான், ஓடிவந்து மூச்சு வாங்கினான். ஏன் என் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டுவிடப் போகிறான் என்று சதக்கத்துல்லா ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"பாய், இருங்க. நம்ம பய ஒருத்தன் டாக்சி ஓட்டுறான், போன் பண்ணிட்டேன். இந்தா வந்துருவான். புள்ளய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"ஒங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே தம்பி?" என்றார் ரஹீமா பீவி.

"டூட்டிய விட்டு எறக்கிட்டாங்க பாயம்மா. நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஏற்கனவே ஒரு வார்னிங் லெட்டர் இருக்கு. இன்னொண்ணுன்னா டிக்கெட்டக் கையில குடுத்து ஊருக்கு அனுப்பிருவாங்க." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. "நான் எழுதுன நம்பர ரிசப்ஷன்ல சரிபாத்துட்டாய்ங்க போல. அதான் மாட்டிக்கிட்டோம். ஒழுங்கா ஒரு நம்பர் எழுதத் தெரியாம, நல்ல நாளும் அதுவுமா உங்கள அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சுட்டேன். என்னாலதான் இந்த அசிங்கம். மன்னிச்சுக்கங்க பாய்."

சூப்பர்வைசர் இன்னும் விடுதி வாசலிலேயேதான் நின்றான். இருநூறடி திரும்பி நடந்தால் போதும். கூப்பிட்டவன் இவனில்லை, ஏறியவன் நான்தான் என்று சொல்ல இந்தியில் நாலு வார்த்தை வேண்டும். அந்த நாலு வார்த்தையும் சதக்கத்துல்லாவுக்குத் தெரியும்.

சப்ரீனா வாயைத் திறந்தாள். "வாப்பா, நீங்கதானே அவங்க பேர..."

அவர் அவள் கையை அழுத்தினார். வலித்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டாள்.

"பரவால்ல தம்பி," என்றார் சதக்கத்துல்லா. "விடுங்க. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல."

கார்மேகத்தின் முகம் தெளிந்தது. டாக்சி வந்ததும் அவனே கதவைத் திறந்துவிட்டு, ரஹீமா பீவியின் பையை உள்ளே எடுத்து வைத்து, சப்ரீனாவிடம் நன்றாகப் படிக்கும்படி சொன்னான். வண்டி நகர்ந்தபோதும் கையாட்டிக்கொண்டு நின்றான்.

ரஹீமா பீவி, "அல்லா அந்தப் புள்ளயக் காப்பாத்தணும்" என்றார். சப்ரீனா வாப்பாவை விட்டு நகர்ந்து ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அவங்க என்ன தப்பு செஞ்சாங்கன்னு வாப்பா நீங்க மன்னிச்சீங்க?"

சதக்கத்துல்லா டிரைவர் பக்கம் குனிந்து, ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.