பெயர் எழுதாத பொட்டலம்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காகிதத்தில் மடித்து, மருந்தின் பெயர் எழுதாமல் கொடுப்போம். பெயர் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே!

ரெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கரண்டி பிடிக்க முடியாது. அவளுக்கும் அதே மாதிரிப் பொட்டலம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்த சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. நாலாம் நாள் அக்கா உட்கார்ந்து மாவாட்டினாள். சில மாதத்தில் அவள் முகம் உப்பியது. உடம்பு தேறிவிட்டது என்றது ஊர். "எந் தம்பி கைராசிக்காரன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கடைக்கு வந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருநாள் விளக்கினார். மூட்டில் வீக்கத்தைக் கிளப்ப உடம்பே அனுப்பும் தகவல்களை இந்த மாத்திரை அடக்குகிறதாம். நாள்பட்டால், இதே மாதிரி உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

கை குணமானதற்காக அக்கா மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தாள். காப்புக் கட்டிய அன்று நான் போனபோது வழக்கமான பொட்டலத்தை வாங்கி மாடத்தில் வைத்தாள். "காப்பு அவுக்கிற வரைக்கும் மருந்து மாத்திர தொடக் கூடாது தம்பி. எட்டு நாளுதான்."

கம்பெனிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. நிறுத்த வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கைராசி ஒன்றுமில்லை, இன்ன மாத்திரை என்று சொல்ல வேண்டிவரும். "சரிக்கா, ஆத்தா பாத்துக்குவா" என்றேன். இதை எழுதவே கூசுகிறது.

ஆறாம் நாள் வாந்தி, மயக்கம். அரியலூர் ஆஸ்பத்திரியில், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்க, அக்கா வீட்டு மாமா பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பெயரில்லாத வெள்ளை மாத்திரை. "எம் மச்சானுக்குத்தாங்க தெரியும்" என்றிருக்கிறார். ஆள் வந்து சொல்லி, நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ குடுத்தத ஒழுங்கா சாப்ட்டிருந்தா பொழச்சிருப்பா மச்சான். அவதான் கேக்கல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.