தலையை எண்ணாமல் பேரைக் கூப்பிட்ட கேப்டன்

1. அடி

கப்பல் வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தபோது எங்கள் கப்பல் செங்கடலில் மூழ்கியது.

உரம் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கேயோ இரண்டு தரப்புக்குச் சண்டை. எங்கள் கப்பலுக்கு அதில் எந்தப் பக்கமும் இல்லை. ஆனாலும் அந்தக் கடலில் போகிற கப்பல்கள் மேல் ஏவுகணை விழுந்துகொண்டிருந்த சமயம் அது. கப்பல் ஆட்களான நாங்கள் இருபத்திரண்டு பேர் போக, பாதுகாப்புக்காகத் துப்பாக்கியோடு மூன்று காவலர்களையும் ஏற்றியிருந்தார்கள்.

காலை டீ முடிந்து இன்ஜின் கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பியிருந்தேன். ஏவுகணை விழுந்த சத்தம் காதில் கேட்டது என்று சொல்ல முடியாது, நெஞ்சில் அடித்தது. விளக்குகள் போயின. மெயின் இன்ஜின் நின்றது. எமர்ஜென்சி விளக்கு வந்ததும் எட்டிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் கடல் புகுந்துகொண்டிருந்தது. பம்பு போட்டுச் சமாளிக்கிற ஓட்டை இல்லை அது. கூட இருந்தவர்களை மேலே துரத்திவிட்டு நானும் ஏறினேன்.

2. மஸ்டர்

ஆபத்தில் எல்லோரும் கூடுகிற இடம் மஸ்டர் ஸ்டேஷன். லைஃப்போட் பக்கத்திலேயே இருக்கும். சீஃப் ஆபீசர் தலைகளை எண்ணினார்.

"இருபத்திரண்டு. கரெக்டா இருக்கு சார். போட்டை இறக்கிடலாம்."

கேப்டன் கேரளக்காரர். சென்னையில் வளர்ந்தவர். "எண்ணினது போதும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார்.

கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போது இது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். "முருகேசன்" என்றதும் பதில் இல்லை. எங்களோடு நின்ற ஒரு காவலரையும் சேர்த்து எண்ணியதால்தான் கணக்கு சரியாக வந்திருந்தது. மற்ற இரண்டு காவலர்களும் அப்போதுதான் கப்பலை ஓட்டுகிற மேல்தளமான பிரிட்ஜிலிருந்து இறங்கி வந்தார்கள்.

முருகேசன் எங்கள் ஃபிட்டர். திருவெள்ளறையில் விவசாயக் குடும்பம். அரியமங்கலத்துப் பட்டறையில் வெல்டிங் பழகிக் கப்பலுக்கு வந்தவர்.

"ஒர்க்ஷாப்ல இருந்தாரு சார்" என்றேன். ஒர்க்ஷாப் இன்ஜின் ரூமின் மேல்தளத்தில் இருக்கிறது. அதுவரை தண்ணீர் ஏறியிருக்காது.

கேப்டன் என்னைப் பார்த்தார். "போன்னு நான் சொல்ல மாட்டேன், செகண்ட்."

"நானே போறேன் சார்."

"வாக்கிடாக்கியில கூப்பிட்டா வந்துடணும். ஆள் கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி."

போசன், அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவர், யாரையும் கேட்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

3. கதவு

புகை. டீசல் நெடி. ஒர்க்ஷாப் கதவின் சட்டம் நெளிந்து கதவு இறுகிப்போயிருந்தது. தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், கேஸ் கட்டர் இருக்கு. அறுத்துக்கிட்டு வந்துடட்டுமா?"

"ஐயோ, பத்த வச்சுடாதீங்க! வெளியில ஆயில் கொட்டிக் கிடக்கு!"

கட்டரைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப என்ன சார் பண்றது?" என்றார். குரல் உடைந்திருந்தது.

கதவு உள்பக்கமாகத் திறப்பது. கீல்களும் உள்ளேதான். "கீல் பின்னை அடிச்சு எடுங்க முருகேசன். நாங்க இந்தப் பக்கம் நெம்புறோம்."

அவருக்கு ஒரு தோள் எலும்பு முறிந்திருந்தது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒற்றைக் கையால் அடித்தார். கீழே தண்ணீர் ஏறுகிற சத்தம் மாறிக்கொண்டே வந்தது. வாக்கிடாக்கியில் கேப்டன் "செகண்ட், மேல வாங்க" என்றார். போசன் என்னைப் பார்த்தார். நான் கடப்பாரையில் முழு எடையையும் போட்டேன். கதவு உள்ளே சரிந்தது. முருகேசனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினோம்.

4. போட்

லைஃப்போட் கடலில் இறங்கி விலகிய பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். கப்பலின் பின்பக்கம் முதலில் அமிழ்ந்தது. எங்களைச் சுமந்த இரும்பு அது. சிலர் அழுதார்கள்.

முருகேசன் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "அறுப்புக்கு வரேன்னு வீட்ல சொல்லியிருக்கேன் சார். இந்தத் தோளை வச்சுக்கிட்டு எப்படி?" என்றார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

எங்கள் அபாய அழைப்பைக் கேட்டு ஒரு கன்டெய்னர் கப்பல் திரும்பி வந்தது. அந்தக் கடலில் நிற்பது அவர்களுக்கும் ஆபத்துதான். ஆனாலும் நின்று, ஏணி போட்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அங்கிருந்து சாட்டிலைட் போனில் என் மனைவி கல்யாணியைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் "நல்லா இருக்கீங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "முருகேசன் கூட இருக்காரா? அவர் சம்சாரம் திருவெள்ளறையிலேருந்து வந்து நம்ம வீட்லதான் உட்கார்ந்திருக்காங்க. கப்பல் போச்சுன்னு மட்டும்தான் கம்பெனி ஆபீஸ்ல சொன்னாங்க" என்றாள்.

நான் போனை முருகேசனிடம் கொடுத்தேன்.

5. கற்றது

முருகேசன் இப்போது அரியமங்கலத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். நான் சீஃப் இன்ஜினியராகி மறுபடியும் கடலுக்குத்தான் போகிறேன். கல்யாணி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, "எல்லாரும் சேர்ந்து திரும்பி வர்றதா இருந்தா போங்க" என்றாள்.

எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் நாளே சமையற்காரர் முதல் காவலர் வரை எல்லோருடைய பேரையும் கேட்டுப் பழகிவிடுகிறேன். டிரில்லில் வெயிலில் நிற்க வைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடும்போது சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பதில் சொல்ல எல்லோரும் அங்கே நிற்கிறார்களே, அது போதும்.