புளித்தண்ணீரில் நாற்பத்து மூன்று கற்கள்

நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த எனக்குக் கல் சேர்க்கும் பழக்கம் வேலையோடு வந்தது. வாய்க்கால் வெட்டும் இடத்தில் பாறை உடைக்கும்போது நிறமுள்ள படிகம் தெறித்தால், மேற்பார்வையாளர்கள் எனக்கென்று எடுத்து வைப்பார்கள். இடமாற்றம் பெற்றுப் போன நண்பர்கள் மலைநாட்டிலிருந்து பார்சலில் அனுப்புவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் எங்கள் முன்னறை அலுமாரியில் நாற்பத்து மூன்று கற்கள் இருந்தன. செம்மஞ்சள் கோமேதகம், பால்நிறச் சந்திரகாந்தம், தேன்நிறக் கல்சைற்று, ஏடு ஏடாகப் பிரியும் மைக்கா. பாதிக்கு மேல் வெள்ளைப் படிகங்கள், ஒன்றைப்போல இன்னொன்று.

ஒவ்வொன்றின் அடியிலும் பெயரும் கிடைத்த இடமும் எழுதிய காகிதத்துண்டு ஒன்றை ஒட்டியிருந்தேன். சோற்றுப் பசையால்தான் ஒட்டினேன். கடைப் பசை கல்லில் கறை பிடிக்கும் என்று நினைத்தேன்.

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருந்த என் மனைவியின் காக்கா, அவளுடைய மூத்த சகோதரர், வரும்போதெல்லாம் அலுமாரியைப் பார்த்துச் சிரிப்பார்.

"மச்சான், எங்கட மில்லுல அரிசிக்குள்ள நிறையக் கல்லுக் கிடக்கு. ஒரு சாக்கு அனுப்பட்டா?"

"நிறமிருந்தா அனுப்புங்க."

"நிறமிருந்தா ஆக்கள் பாத்துப் பொறுக்கிருவாங்களே."

பதினொரு வருடமாக இந்த வேலைக்கு விளையாட்டு என்றுதான் பெயர். அந்த வருடம் பாடசாலைக் கண்காட்சியில் முதன்முறையாக எனக்கு ஒரு மேசை கிடைத்தது. தந்தவர் விஞ்ஞான ஆசிரியர், மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், எதிலும் கறாரானவர். ஒரு நிபந்தனை வைத்தார்.

"கிடைச்ச இடம் தெரியாத கல்லு வேணாம். இடம் தெரியாட்டி அது ரோட்டுக்குப் போடுற கல்லுத்தான்."

கண்காட்சி சனிக்கிழமை. அதற்கு அடுத்த கிழமை றமழான் நோன்பு தொடங்கும். நோன்புக்கு முன் வீடு முழுவதையும் கழுவுவது எங்கள் பக்கத்து வழக்கம். யன்னல் கம்பி முதல் பாய் வரை எல்லாம் முற்றத்துக்கு வரும். பித்தளைச் சாமான்களைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை கந்தோரிலிருந்து வந்தபோது முற்றத்துப் பாயில் செம்பு, படிக்கம், வட்டா, அவற்றின் பக்கத்தில் என் நாற்பத்து மூன்று கற்களும் காய்ந்துகொண்டிருந்தன.

"கல்லையும் கழுவிட்டன்" என்றாள் மனைவி. "விடியத்துல இருந்து புளித்தண்ணிக்க கிடந்திச்சு."

"அடியில இருந்த தாளெல்லாம் எங்க?"

"அது கழண்டு பெய்த்து. ஊரே பாக்கப் போற சாமான், ஊத்தையோட அனுப்பவா?"

அன்றைய நாட்குறிப்பில் கோபப்பட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரியில், பிழை என் பசையில் என்றும் எழுதியிருக்கிறேன்.

நாட்குறிப்புதான் வழி காட்டியது. ஒவ்வொரு கல்லும் கையில் கிடைத்த அன்றே அதைப் பக்கத்துத் தெருத் தட்டாரின் தராசில் நிறுத்து, நிறையையும் இடத்தையும் ஒரே வரியில் எழுதி வைப்பேன். "கல்லுக்கும் சாதகம் எழுதுறீங்க போல, கிளாக்கர் ஐயா" என்பார் அவர்.

ஆசிரியரிடம் நடந்ததை மறைக்கவில்லை. "நானும் வாறன், நிறுத்துப் பாப்பம்" என்றார். கச்சான் காற்றடிக்கும் வெயிலில் இரண்டு நாள் கற்களை நன்றாகக் காயவைத்து, வியாழன் பின்னேரம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நாட்குறிப்பு ஆசிரியர் கையில். நான் கல்லைத் தட்டில் வைப்பேன், தட்டார் நிறையைச் சொல்வார், ஆசிரியர் அந்த வரியைத் தேடி வாசிப்பார்.

முதல் வெள்ளைப் படிகத்தைத் தட்டில் வைத்தேன். தட்டார் நிறை சொன்னார். ஆசிரியர் பக்கம் புரட்டினார்; விரல் ஒரு வரியில் நின்றது. "இருக்கு" என்றார். அடுத்ததும் இருந்தது. பத்தாவது கல்லுக்குப் பிறகு அவரே அவசரப்படுத்தத் தொடங்கினார். நாற்பத்தொரு கற்கள் புள்ளி தவறாமல் தங்கள் வரிகளில் போய் அமர்ந்தன.

மிச்சம் இரண்டு கல், இரண்டு வரி. இரண்டு கல்லும் எழுதியதை விடச் சற்றுக் குறைவாக நிறுத்தன. ஒன்று மங்கிப்போன கல்சைற்று; சுண்ணாம்புச் சத்துள்ள கல் என்பதால் புளி அதன் தோலைத் தின்றிருந்தது. அது மாத்தளைக் கல் என்பதில் சந்தேகமில்லை. மற்றதைத் தட்டார் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சேர், இது செவ்வந்திக்கல்லு, அமெதிஸ்ட்."

ஆசிரியர் கடைசி வரியை வாசித்தார்: "மண்ணிறப் படிகக் கூட்டம். அம்பாறைப் பக்கம், புது வாய்க்கால் வெட்டு. சிறப்பில்லை."

மூவரும் சிரித்துவிட்டோம். மண்ணிறமாக மேலே படிந்திருந்த துருவைப் புளியும் தும்பும் தின்று தீர்த்திருந்தன. அடியில் ஊதா நிறம், நாவற்பழம் தின்ற நாக்கைப்போல; தாள்கள் போன கவலையில் நான் அதைக் கவனிக்கவேயில்லை. நாலு வருடம் அலுமாரியின் பின்தட்டில் அதை நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

"நடுவுல இதை வைக்கிறம்" என்றார் ஆசிரியர். அதற்குரிய அட்டையைத் தன் கையாலேயே எழுதினார்.

சனிக்கிழமை என் மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. பெண்கள் பக்கத்தில் என் மனைவி எவ்வளவு புளி, எவ்வளவு நேரம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். எது எந்த நாட்டுக் கல் என்று பலர் கேட்டார்கள், அட்டையைக் காட்டினேன். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு விவசாயி ஊதாக் கல்லின் அட்டையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங்கட வயலுக்குத் தண்ணி வாற வாய்க்கால்."

"ஓம்" என்றேன். "அங்கதான் கிடைச்சது."

அவர் வெளியே போய், தன்னோடு வந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.