அசருக்கு முன் அடக்கம்

சாலிஹீன் மௌத்தானது ஒரு வியாழக்கிழமை காலை. நயினாதீவு இறங்குதுறையில், கோயிலுக்கும் விகாரைக்கும் வருகிறவர்களுக்குத் தொப்பியும் சோடாவும் விற்றவர். புத்தளத்து அகதி வாழ்க்கைக்குப் பிறகு தீவுக்குத் திரும்பிய சில முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மனைவி ஜெஸீமா. ஒரே மகன் பாஹிம் லண்டனில் கடை வைத்திருந்தான்.

சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்திருந்த மூன்று வருடமும் பாஹிம் வரவில்லை. ஒரு தரம் இரண்டாவது கடைத் திறப்பு, மறுதரம் நத்தார்ப் பண்டிகை வியாபாரம். வாப்பாவின் அறைக்கு ஏசி மட்டும் வந்து சேர்ந்தது.

ஃபோனில் சாலிஹீன் ஒன்றைத்தான் கேட்பார். "ஜும்ஆவுக்குப் போறியோ மகன்?"

"வெள்ளிக்கிழமைதான் வாப்பா இஞ்ச நல்ல வியாபாரம். அல்லாஹ் மனசைப் பாக்கிறவன்தானே."

அவர் ஃபோனை மனைவியிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மௌத்துச் செய்தி கேட்டுப் பாஹிம் விம்மி அழுதான். பிறகு, "உம்மா, ஞாயிறு வந்திடுவன். யாழ்ப்பாணத்தில குளிர் அறையில வைக்கச் சொல்லுங்கோ. எவ்வளவு எண்டாலும் நான் தாறன்" என்றான்.

"கெதியா அடக்கச் சொல்லித்தானே மார்க்கம் சொல்லுது."

"நான் ஒரே பிள்ளை உம்மா! முகம் பாக்க வேண்டாமோ?"

ஜெஸீமா அழைப்பை நிறுத்தினாள். வாசலில் பக்கத்துவீட்டு ஐயாத்துரை நின்றார்.

"அண்ணை, குறிகட்டுவான் துறைக்கு ஒரு வள்ளம் விடுங்கோ. யாழ்ப்பாணத்துப் பள்ளிவாசல் ஆக்கள் வரவேணும்."

அன்றைக்கே, பின்னேர அசர் தொழுகைக்கு முன் அடக்கினார்கள்.

ஞாயிறு வந்த பாஹிம் வாப்பாவை அடக்கிய கபுறடியில் கையேந்தினான். துஆ பாதியில் மறந்துபோக, ஃபோனைத் திறந்து பார்த்து ஓதினான். வீட்டை விட்டு வெளியேறாமல் இத்தாவில் இருந்த ஜெஸீமாவுக்கு, கூடப்போன ஐயாத்துரை சொல்லித்தான் அது தெரியும்.

"மூண்டு நாள் பாத்திருக்க ஏலாமல் போச்சோ உங்களுக்கு?" என்று வீட்டில் வந்து கத்தினான்.

"அவர் மூண்டு வருஷம் பாத்திருந்தவர், மகன்."

கபுறுக்குப் பளிங்கு பதிக்க அவன் பிடித்த ஆட்களையும் அவள் திருப்பி அனுப்பினாள். அடுத்த வள்ளத்தில் அவன் போய்விட்டான். இப்போது பேச்சில்லை, காசு மட்டும் மாதாமாதம் வருகிறது. இறங்குதுறைக் கடை பூட்டிக் கிடப்பதால் அரிசிக்கும் மருந்துக்கும் அவள் அதைத்தான் எடுக்கிறாள்.

செய்தது சரி என்று மௌலவி சொன்னார். சரிதான். ஆனால் அன்று அழைப்பை நிறுத்தியபோது தன் நெஞ்சில் மார்க்கம் மட்டும் இருக்கவில்லை, பிள்ளை மேல் வைத்திருந்த வன்மமும் இருந்தது என்பதை ஜெஸீமா அவரிடம் சொல்லவில்லை.